பகைவனுக்கும் நீதி கேட்ட நாடகாசிரியர்

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் எமது கீழைக்கரையிலுள்ள கண்ணகி அம்மன் கோவில்கள் களைகட்டத் தொடங்கிவிடும். தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு முதலிய ஊர்களிலே சடங்குக் காலத்திற் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். திருக்கோவிலிலே பிறந்து வளர்ந்த நாமும் சிறுபராயத்திலே அம்மம்மாவின் மடியிற் படுத்தவாறு அதனைக் கேட்டதுண்டு. கோவலன் கையிலே ஒரு சிலம்பு இருந்தது. அரண்மனையிலே ஒரு சிலம்பு காணாமற் போயிருந்தது. பொற்கொல்லன் பழி சொன்னான், மன்னன் நம்பினான், ஆராயாது தண்டித்தான். பின்னர் ஒரு பெண் தனியளாய் அரசவை சென்று வழக்குரைத்தாள். அந்த இடம் வந்ததும் அம்மம்மாவின் கண்கள் கலங்கிவிடும். ஆண்டுதோறும் கேட்ட கதைதான். ஆயினும் ஆண்டுதோறும் கலங்கும்.

ஆராயாது வழங்கிய தீர்ப்பு எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை எமது மக்களுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் அக்கதையைக் கேட்பவருக்கு ஒரு வசதி உண்டு. கோவலன் நம்மவன், கண்ணகி நாம் கும்பிடும் தெய்வம். நமக்கு வேண்டியவனுக்கு அநீதி நேர்ந்தால் நாம் அழுவதும் ஆத்திரங்கொள்வதும் இயல்பே. நமக்குச் சற்றும் பிடிக்காத ஒருவனுக்கு, பகைவனென்று நாம் ஒதுக்கிவைத்த ஒருவனுக்கு, அதே அநீதி நேர்ந்தால் என் செய்வோம்?

இவ்வினாவை நாடக மேடையிலே எழுப்பிய ஒருவர் பிரெஞ்சு நாட்டிலே வாழ்ந்தார். தமது வாழ்க்கையாலும் அதற்கு விடை கூற முயன்றார். அம்முயற்சியிலே வெற்றியும் கண்டார், தோல்வியும் கண்டார். அன்னாரின் பெயர் ரோமெயின் ரோலந்து. பிரான்சியர் வாயில் அது ரொமேன் ரொலான் என ஒலிக்கும். காந்தியடிகளுக்கும் இராமகிருஷ்ண பரமஹம்சருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதியவர் என்ற அளவில் அவரை எம்மவரிற் சிலர் அறிவர். அவருடைய நாடகங்களை அறிந்தவர் மிகச் சிலரே.

இளமையும் கல்வியும்

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள கிளாம்சி என்னும் சிற்றூரிலே 1866ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி ரோலந்து பிறந்தார். தந்தையார் ஒரு நொத்தாரிசு. தாயார் இசையிலே தோய்ந்த உள்ளத்தினர். மகனுக்குப் பியானோ வாசிக்கக் கற்பித்தவர் அவரே. மகனின் கல்வியை முன்னிட்டு 1880ஆம் ஆண்டிலே குடும்பம் பாரிஸ் மாநகருக்குப் பெயர்ந்தது. ஊரிலே மதிப்போடு வாழ்ந்த தந்தையார் தமது தொழிலை விட்டுத் தலைநகரிலே வங்கியொன்றின் எழுதுவினைஞராக அமர்ந்தார். வயலை ஈடுவைத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் படிக்க அனுப்பிய எமது பெற்றோரை இது நினைவூட்டவில்லையா?

பேராசிரியர்களையும் அறிஞர்களையும் உருவாக்கிவந்த புகழ்பெற்ற உயர்கலாசாலை ஒன்று பாரிஸிலே இருந்தது. அதன் நுழைவுப் பரீட்சையிலே ரோலந்து இருமுறை தோல்வியுற்றார். பாடநூல்களை மூடிவைத்துவிட்டுச் சேக்ஸ்பியரைப் படிப்பதிலும் பீதோவனின் இசையைக் கேட்பதிலும் நாள்களைக் கழித்ததன் பயன் அது! மூன்றாம் முறை முயன்று 1886இல் இடம்பெற்றார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் உலகமே இருண்டுவிட்டதென்று எண்ணும் எமது மாணாக்கர் இச்செய்தியை நினைவில் வைத்தல் நன்று.

அக்கலாசாலையிலே பயிலும்போது அவருடைய மனத்தை ஒரு கேள்வி அரித்தது. அக்காலத்திலே ருஷியப் பெரும் எழுத்தாளர் டோல்ஸ்டோய், கலையும் இலக்கியமும் உழைக்கும் மக்களுக்கு உதவாத வீண் பொழுதுபோக்கு என்னும் கருத்துப்பட எழுதிவந்தார். டோல்ஸ்டோயையும் நேசித்து, இசையையும் நேசித்த இளைஞர் திகைத்தார். தமது ஐயத்தை எழுதி 1887ஆம் ஆண்டிலே ருஷியாவுக்கு அனுப்பினார். உலகம் போற்றும் ஓர் ஆசிரியர், பெயர் தெரியாத ஒரு மாணவனுக்குப் பதில் எழுதுவாரென்று அவர் எதிர்பார்க்கவில்லை. சில வாரங்களிலே பல பக்கங்கள் கொண்ட நீண்ட கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. அதிலே டோல்ஸ்டோய் அவரைச் சகோதரன் என்று விளித்திருந்தார்.

அக்கடிதத்தின் வாதங்கள் யாவற்றையும் ரோலந்து ஏற்றுக்கொண்டாரல்லர். ஆனால் அந்த விளிப்பை அவர் மறக்கவேயில்லை. பிற்காலத்திலே தமக்குக் கடிதம் எழுதிய முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் பொறுமையோடு பதில் எழுதுவதை ஒரு கடனாகவே கொண்டார்.

1889 முதல் 1891 வரை ரோமாபுரியிலே ஆராய்ச்சி மாணவராயிருந்தார். அங்கேதான் முதன்முதலாக நாடகம் எழுதத் தொடங்கினார். 1895ஆம் ஆண்டிலே ஐரோப்பிய இசை நாடகத்தின் தோற்றத்தைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்திலே இசை வரலாற்றைக் கற்பித்தார். இசையும் நாடகமும் அவருக்கு இரு கண்கள் போன்றவை.

ஓநாய்கள்

1894ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் படையின் யூத அதிகாரியான திரேஃபூஸ் என்பவர், ஜேர்மனிக்கு இரகசியங்களை விற்றாரென்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தொலைதூரத் தீவொன்றிலே சிறை வைக்கப்பட்டார். குற்றத்தைச் செய்தவர் வேறொருவர் என்பது பின்னர் வெளியாயிற்று. ஆயினும் படைத் தலைமை தனது தவறை ஒப்புக்கொள்ள மறுத்தது. படையின் மானம் பெரிதா, ஒரு மனிதனுக்குரிய நீதி பெரிதா என்று நாடு இரண்டாகப் பிளந்து நின்றது. 1898 ஜனவரியிலே எழுத்தாளர் சோலா, அரசையும் படைத் தலைவர்களையும் நேரடியாகக் குற்றஞ்சாட்டிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாதிருந்த காலம் அது.

அந்தக் கொதிப்பின் நடுவே, அதே ஆண்டு மே மாதத்திலே, ரோலந்தின் ‘ஓநாய்கள்’ என்னும் நாடகம் பாரிஸிலே அரங்கேறிற்று. கதை நிகழும் காலம் 1793. பிரெஞ்சுப் புரட்சிப் படை மைன்ஸ் நகரிலே பிரஷியப் படையால் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. அப்படையின் அதிகாரிகள் பெரும்பாலும் எளிய குடிகளிலிருந்து உயர்ந்தவர்கள். அவர்களிடையே பிரபு குலத்தவன் ஒருவனும் இருக்கிறான். இறுமாப்புக் கொண்டவன், எவருக்கும் அவனைப் பிடிப்பதில்லை. ஒருநாள் பகைவரின் ஒற்றன் ஒருவனிடம் கடிதம் ஒன்று அகப்படுகிறது. அது அப்பிரபுவைத் துரோகியெனக் காட்டுகிறது. அவனுக்கு மரணம் விதிக்கப்படுகிறது.

தெலியே என்னும் அதிகாரி ஓர் அறிவியலாளன். அவனும் அந்தப் பிரபுவை வெறுப்பவனே. ஆயினும் சான்றுகளை ஆராய்கிறான். கடிதம் ஒரு சூழ்ச்சி என்பதும், அதனைச் செய்தவன் படைவீரரெல்லாம் கொண்டாடும் ஒரு வீரத்தளபதி என்பதும் அவனுக்குப் புலனாகின்றன. உண்மையை எடுத்துச் சொல்கிறான். இப்பொழுது என் செய்வது? தளபதியைத் தண்டித்தால் வீரர்கள் கலகஞ்செய்வர், நகரம் வீழ்ந்துவிடும். புரட்சி அரசின் பிரதிநிதி, உண்மையை அறிந்துகொண்டே, நாட்டைக் காக்கும்பொருட்டுக் குற்றமற்றவனின் மரணக் கட்டளையிலே கையொப்பமிடுகிறான்.

இந்நாடகத்தின் சிறப்பு யாதெனில், கையொப்பமிட்டவனையும் ரோலந்து கொடியவனாகக் காட்டவில்லை. அவன் தன் நாட்டை உயிரினும் மேலாக நேசிப்பவன். அவனுடைய வாதத்தைக் கேட்கும்போது அதுவும் சரியெனவே தோன்றும். தெலியே பேசும்போது அதுவே அறமெனத் தோன்றும். அன்றிரவு அரங்கிலே இரு கட்சியினரும் கூச்சலிட்டனர். தனக்குப் பிடிக்காதவனுக்காகத் தன் கூட்டத்தாரின் முன்னிலையிலே எழுந்து நின்ற தெலியேயைத்தான் ரோலந்து எமக்கு விட்டுச் சென்றார். திரேஃபூஸ் குற்றமற்றவரென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1906ஆம் ஆண்டிலேதான்.

மக்களுக்கோர் அரங்கு

‘ஓநாய்கள்’ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய நாடக வரிசையில் முதலிலே மேடையேறியது. ‘தாந்தோன்’, ‘ஜூலை பதினான்கு’, ‘காதலும் சாவும் ஆடும் ஆட்டம்’ என அவ்வரிசை தொடர்ந்து, 1939ஆம் ஆண்டிலே ‘ரோபெஸ்பியேர்’ நாடகத்தோடு எட்டாக நிறைவுற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெரும்பொருளை அவர் சிந்தித்துவந்தார்.

1903ஆம் ஆண்டிலே ‘மக்கள் அரங்கு’ என்னும் நூலை வெளியிட்டார். அக்காலப் பாரிஸ் அரங்குகள் செல்வர்கள் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடங்களாயிருந்தன. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவன் அங்கே கால்வைக்க இயலாது. வைத்தாலும் அவன் வாழ்க்கைக்குரியது எதுவும் அங்கே இல்லை. மக்களுக்குரிய நாடகம் மூன்று பயன்களைத் தரவேண்டுமென்று ரோலந்து கூறினார். முதலாவது மகிழ்ச்சி, இரண்டாவது ஊக்கம், மூன்றாவது அறிவொளி. பாஸ்தில் சிறையைப் பாரிஸ் மக்கள் கைப்பற்றிய கதையைக் கூறும் ‘ஜூலை பதினான்கு’ நாடகத்திலே, தனியொரு கதாநாயகன் இல்லை. மக்கட் கூட்டமே நாயகன். இறுதியிலே பார்ப்போரும் நடிப்போரோடு சேர்ந்து பாடும் பெருவிழாவாக அது முடியவேண்டுமென்று அவர் விரும்பினார்.

இதனைப் படிக்கும்போது எமக்கு எமது கூத்துக்களரி நினைவுக்கு வருகிறது. ஊர் வெளியிலே வட்டமான களரி, சுற்றிவரச் சனங்கள், நடுவே அண்ணாவியாரின் மத்தளம். உழவனும் மீனவனும் வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆடை கட்டி அரசராய் வருவர். அதற்குக் கட்டணம் கிடையாது, திரையும் கிடையாது. விடியும்வரை ஊரே விழித்திருக்கும். ரோலந்து நூலெழுதி வேண்டிநின்ற அரங்கு மட்டக்களப்புப் பிரதேசத்துச் சிற்றூர்களிலே முன்னரே இருந்தது. அதனைப் பாமரர் ஆட்டமென்று படித்தவர் ஒதுக்கிவந்த காலமும் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதியிலிருந்து அதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோதுதான் எம்மவர் பலருக்கு அதன் அருமை தெரிந்தது.

ஜேர்மன் நாயகன்

ரோலந்தின் பெரும்புகழுக்குக் காரணமாயிருந்தது ‘ழான் கிறிஸ்தோஃப்’ என்னும் நாவல். 1904 தொடங்கி 1912 வரை பத்துப் பாகங்களாக வெளிவந்தது. றைன் நதிக்கரையிலே வறிய இசைக்குடும்பம் ஒன்றிற் பிறந்த ஒரு மேதையின் வாழ்க்கை, தொட்டில் முதல் மரணம் வரை அதிலே சொல்லப்படுகிறது. அந்த நாயகன் ஜேர்மானியன் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1870ஆம் ஆண்டுப் போரிலே ஜேர்மனியிடம் தோற்றுத் தன் மாகாணங்களை இழந்த நாடு பிரான்ஸ். அந்த அவமானத்தைப் பாலோடு பருகி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ரோலந்து. அவர் தமது மாபெரும் நூலின் நாயகனாக ஒரு ஜேர்மானியனைத் தெரிந்தெடுத்து, அவனுக்கு உயிர்த்தோழனாக ஒலிவியே என்னும் பிரெஞ்சு இளைஞனைப் படைத்தார். இரு நாடுகளும் ஒன்றையொன்று பகைத்து ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்த வேளையிலே, பகைவன் வீட்டிலும் தாலாட்டு உண்டு என்று பத்துப் பாகங்களிலே எடுத்துச் சொன்னார்.

அந்நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்திலே, 1910ஆம் ஆண்டு, மோட்டார் வண்டியொன்று மோதிப் பல மாதங்கள் படுக்கையிலே கிடந்தார். ஆயினும் எழுதுவதை விட்டாரல்லர். 1912இல் நூல் முடிவுற்றது. இரண்டே ஆண்டுகளிலே முதலாம் உலகப் போர் மூண்டது.

போருக்கு மேலே

போர் தொடங்கியபோது ரோலந்து சுவிற்சர்லாந்திலே இருந்தார். வயது நாற்பத்தெட்டு. 1914 ஓகஸ்ட் மாதத்திலே ஜேர்மன் படை பெல்ஜியத்திலுள்ள லூவேன் நகரை எரித்தது. பல்கலைக்கழக நூலகத்தின் இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பராயின. உடனே ரோலந்து ஜேர்மன் நாடகாசிரியர் ஹாப்ட்மானுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இக்கொடுமையைக் கண்டிக்குமாறு கேட்டார். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையினராகிய எமக்கு அக்கடிதத்தின் வேதனை நன்கு விளங்கும்.

இதனைக் கண்டு பிரான்சியர் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செப்ரெம்பர் மாதத்திலே ஜெனீவாப் பத்திரிகையொன்றில் அவர் எழுதிய ‘போருக்கு மேலே’ என்னும் கட்டுரை வெளிவந்தது. இரு புறத்து இளைஞர்களும் வீரமாக மடிகிறார்கள். அவர்களைப் பலிகொடுப்பவர்களோ இரு புறத்துத் தலைவர்களும், அறிஞர்களும், சமயத்தலைவர்களுமே என்ற கருத்துப்பட எழுதினார். தம் நாட்டாரும் இதற்கு விலக்கல்லர் என்று கூறியதே அவர் செய்த குற்றமாயிற்று. பத்திரிகைகள் அவரைத் துரோகியென்று தூற்றின. பழகிய நண்பர்கள் விலகினர். தெலியே என்னும் பாத்திரத்தைப் படைத்தவர் பதினாறு ஆண்டுகளின் பின் தாமே தெலியேயாக நிற்க நேர்ந்தது.

அவர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஜெனீவாவிலே சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் போர்க் கைதிகளையும் காணாமற்போனோரையும் தேடுவதற்கு ஒரு நிலையத்தைத் திறந்திருந்தது. 1914 ஒக்டோபரிலிருந்து பல மாதங்கள் அங்கே ஊதியமின்றி வேலை செய்தார். ஐரோப்பாவின் நாலா திசைகளிலுமிருந்து தாய்மாரும் மனைவியரும் எழுதிய கடிதங்கள் மலைபோற் குவிந்தன. என் மகன் உயிரோடிருக்கிறானா? எங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள்? எல்லாக் கடிதங்களிலும் கேள்வி ஒன்றுதான். பிரெஞ்சுத் தாயின் எழுத்துக்கும் ஜேர்மன் தாயின் எழுத்துக்கும் மொழியிலன்றி வேறு வேற்றுமை இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் அட்டை எழுதிக் கோத்தார்கள். போர் முடியும்போது அந்நிலையத்திலே சுமார் 70 இலட்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன.

நாம் இப்பகுதியை எழுதும்போது பேனா சற்றே தயங்குகிறது. 1983 முதல் 2009 வரை எமது நாட்டிலே நடந்த போரின் பின்னர், காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் தாய்மார் எமது கரையோரத்திலும் உளர். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேடித் தருவதைவிடப் பெரிய இலக்கியப் பணி இல்லையென்று ஓர் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருகாலத்திலே எண்ணினார் என்பதை அவர்கள் அறிந்தால், சிறிதளவேனும் ஆறுதலாயிருக்கும்.

1915ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசு ரோலந்துக்கு 1916 நவம்பரிலே அறிவிக்கப்பட்டது. பரிசுப் பணத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் போரினாற் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளுக்கும் பகிர்ந்தளித்தார். 1919ஆம் ஆண்டிலே, அறிஞர்கள் இனிமேல் எந்த வெறிக்கும் தம் அறிவை அடகு வைப்பதில்லையென்று உறுதி கூறும் அறிக்கையொன்றை வெளியிட்டார். அதிலே கையொப்பமிட்டோருள் தாகூரும் ஐன்ஸ்டைனும் அடங்குவர்.

கீழ்த்திசை நோக்கி

போரினாலே புண்பட்ட ரோலந்தின் உள்ளம் கீழ்த்திசையை நாடிற்று. கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி எழுதிய ‘சிவ நடனம்’ என்னும் நூல் 1922ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மொழியிலே வெளிவந்தது. அதனை மொழிபெயர்த்தவர் ரோலந்தின் தங்கையார் மதலேன். முன்னுரை எழுதியவர் ரோலந்து. தில்லைக் கூத்தனின் தத்துவம் பிரெஞ்சு வாசகரைச் சென்றடைந்ததில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துத் தோன்றல் ஒருவருக்கும் இந்த நாடகாசிரியருக்கும் இவ்வாறு பங்குண்டு.

1924இல் அவருடைய காந்தி வரலாறு வெளிவந்தது. ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகளான மதலேன் சிலேட் அம்மையார், பீதோவன்மீது கொண்ட பற்றினாலே ரோலந்தைத் தேடிவந்தார். ரோலந்து அவருக்குக் காந்தியடிகளைப் பற்றிக் கூறினார். அந்நூலைப் படித்த அம்மையார் 1925ஆம் ஆண்டிலே சபர்மதி ஆச்சிரமத்தை அடைந்து மீராபென் ஆனார். 1931 டிசம்பரிலே, வட்டமேசை மகாநாடு முடிந்து திரும்பும் வழியில், காந்தியடிகளே சுவிற்சர்லாந்திலுள்ள வில்நேவ் ஊருக்கு வந்து ரோலந்தைச் சந்தித்தார். அடிகளின் விருப்பப்படி ரோலந்து பியானோவிலே பீதோவனின் ஐந்தாம் சிம்பொனியின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார்.

1929இல் இராமகிருஷ்ணரின் வரலாறும், 1930இல் விவேகானந்தரின் வரலாறும் பிரெஞ்சு மொழியிலே வெளியாயின. ரோலந்து இந்தியாவை ஒருநாளேனும் கண்டவரல்லர். ஆங்கிலமும் அவருக்கு நன்கு வாராது. நூல்களைத் தங்கையார் படித்துப் பொருள் சொல்லக் கேட்டறிந்தார். இதனை அவர் மறைக்கவில்லை. கீழைநாட்டு வாசகருக்கென ஒன்றும் மேலைநாட்டு வாசகருக்கென ஒன்றுமாக இரு முன்னுரைகள் எழுதி, தமது பிழைகளைப் பொறுத்தருளுமாறு எம்மவரை வேண்டிக்கொண்டார். அயலான் சமயத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பணிவு அது.

அவ்வரலாறுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது இமயச் சாரலிலுள்ள மாயாவதி அத்துவைத ஆச்சிரமம். சில ஆண்டுகளின் பின்னர், 1939 முதல் 1941 வரை, அந்த ஆச்சிரமத்தின் ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராயிருந்தவர் யார் தெரியுமா? எமது காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மயில்வாகனனாய்ப் பிறந்து, கல்முனையிலே படித்து, 1924ஆம் ஆண்டு துறவு பூண்ட விபுலானந்த அடிகளே அவர்.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது. ரோலந்து இசை நாடகத்தின் தோற்றத்தை ஆராய்ந்தார். அடிகள் பண்டைத் தமிழரின் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்தார். ரோலந்து நாடகத்தின் இலக்கணத்தையும் பயனையும் சிந்தித்து ‘மக்கள் அரங்கு’ எழுதினார். அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்காட்டி நாடகவியலை விளக்கும் ‘மதங்க சூளாமணி’யை 1926இல் வெளியிட்டார். இருவரும் இசைச் செல்வர். இருவரும் பரமஹம்சரின் அன்பர். ஒருவர் துறவி, மற்றவர் துறவியல்லர். எனினும், பிறமொழிச் செல்வத்தைப் பிறருடையதென்று ஒதுக்காத உள்ளம் இருவருக்கும் பொது.

ஒரு மௌனம்

பெரியோரின் குறையை மறைத்து எழுதுதல் மாணாக்கருக்கு நன்மை பயவாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலே ஜேர்மனி வழங்கிய கதே பதக்கத்தை ஏற்க மறுத்த ரோலந்து, நாசிசத்தை எதிர்க்கும் வலிமை சோவியத் நாட்டுக்கே உண்டென்று நம்பினார். 1935இல் மொஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்தார். அடுத்த ஆண்டுகளிலே அங்கே பழைய புரட்சியாளர்கள் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரோலந்து சிலருக்காகத் தனிப்பட்ட கடிதங்கள் எழுதினார். பகிரங்கமாக அவர் வாய்திறக்கவில்லை. தமது மொஸ்கோ நாட்குறிப்பை ஐம்பது ஆண்டுகள் வெளியிடலாகாதென்று பூட்டிவைத்தார். அது பிரான்சிலே 1992ஆம் ஆண்டில் நூலாக வந்தபோது, அவருக்கு உள்ளூர ஐயங்கள் இருந்தமை தெரியவந்தது.

‘ஓநாய்கள்’ நாடகத்தின் கடைசிக் காட்சியை நினைவுகூருங்கள். பெரிய பகைவனை வெல்லும்பொருட்டுச் சிறிய அநீதியைப் பொறுத்துக்கொண்ட அந்த அரசப் பிரதிநிதியின் இடத்திலேதான் முதுமையிலே அதன் ஆசிரியரும் போய் நின்றார். பகைநாட்டானின் பிழையைக் கண்டித்தல் எளிது. தன் நாட்டாரின் பிழையைக் கண்டித்தல் அரிது. தான் நம்பிக்கை வைத்த கூட்டத்தாரின் பிழையைக் கண்டித்தல் எல்லாவற்றிலும் அரிது. முதலிரண்டையும் செய்தவருக்கு மூன்றாவது கைகூடவில்லை. இதனாலே அவருடைய பழைய உண்மை பொய்யாகிவிடாது. அது எவ்வளவு கடினமானது என்பதே எமக்குத் தெரியவருகிறது.

1938இல் தாய்நாடு திரும்பி வெசலே என்னும் மலையூரிலே குடியமர்ந்தார். ஜேர்மன் படையின் ஆதிக்கத்தின்கீழ் நோயோடும் எழுத்தோடும் நாள்களைக் கழித்தார். முதற்போரிலே மடிந்த தமது பழைய நண்பரும், ‘ழான் கிறிஸ்தோஃப்’ நாவலை முதலிலே தமது சஞ்சிகையில் வெளியிட்டவருமான பெகியின் வரலாறே அவர் இறுதியாக எழுதிய பெருநூல். பிரான்ஸ் விடுதலையடைந்ததைக் கண்ணாரக் கண்டபின், 1944 டிசம்பர் 30ஆம் திகதி காலமானார்.

எந்தப் பக்கம்?

சில காலத்தின் முன் வகுப்பிலே இவர் வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்ப அவர் எந்தப் பக்கம்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கரையிலே பிறந்த பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான் அது. பொத்துவிலிலிருந்து கல்முனை வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தெருவின் அடுத்தடுத்த ஊர்களிலே வாழ்கிறோம். ஒரே சந்தையிலே மீன் வாங்குகிறோம். போர்க்காலத்திலே இரு சாராரும் உயிர்களைப் பறிகொடுத்தோம். ஆயினும் அவரவர் இழப்பை அவரவர் எண்ணிவைத்திருக்கிறோமேயன்றி, அடுத்த ஊரின் கணக்கைக் கேட்டறிந்தவர் எம்மிலே எத்தனை பேர்?

அம்மாணவனுக்கு நாம் அன்று உடனே விடை கூறவில்லை. ‘ஓநாய்கள்’ கதையைச் சொல்லி, தெலியே எந்தப் பக்கமென்று அவனையே எழுதிவரச் சொன்னோம். மறுநாள் அவன் கொண்டுவந்த தாளிலே ஒரு பக்கமும் நிரம்பவில்லை. ஊரிலே யாரையாவது கள்ளனென்று சொன்னால், அவன் எங்களுக்குப் பிடிக்காதவனாயிருந்தாலும், கண்டது யாரென்று முதலிலே கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தான். பல்கலைக்கழக ஆய்வுகள் கூறும் விடை இதைவிட நீளமாயிருக்கலாம், இதைவிடத் தெளிவாயிராது.

ரோலந்தைப் படிக்க விரும்பும் மாணாக்கர் அவருடைய பீதோவன் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். அது சிறு நூல். பெரியோர் இராமகிருஷ்ணர் வரலாற்றை ஆங்கிலத்திலே படிக்கலாம். வரும் வைகாசியிலே வழக்குரை கேட்கப் போகும் குடும்பங்கள், பாட்டு முடிந்து வீடு திரும்பும் வழியிலே, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: கோவலன் நமக்கு வேண்டாதவனாயிருந்திருந்தால், அன்று அவனுக்காக நாம் அழுதிருப்போமா?